பின்சுவரைத் தொடக்கூடாது

ஆபீஸ்ல என்னை எல்லாரும் 'எட்டு டிகிரி'ன்னுதான் கூப்பிடுவாங்க. முகத்துக்கு நேரா இல்லை, முதுகுக்குப் பின்னாடி. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. இருபத்திரெண்டு வருஷமா தடுப்பூசி ஸ்டோருக்கு நான்தான் பொறுப்பு. மருந்து ரெண்டு டிகிரிக்குக் கீழ இறங்கக்கூடாது, எட்டு டிகிரிக்கு மேல ஏறக்கூடாது. காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதணும். யாராவது ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வச்சுக்கிட்டுக் கதை பேசினா நான் கத்துற கத்துல மூணாவது ரூம்ல இருக்கிறவங்க எழுந்து வந்துடுவாங்க. அதான் அந்தப் பேரு. வச்சவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க.

அந்த ஃப்ரிட்ஜ் கதவுல சிவப்பு மையில என் கையாலயே அஞ்சு விதி எழுதி ஒட்டியிருக்கேன். மூணாவது விதி: மருந்து பின்சுவரைத் தொடக்கூடாது. குளிர் அந்தச் சுவர்லதான் இருக்கு. நடுத்தட்டுல தெர்மாமீட்டர் சமத்தா நாலு டிகிரி காட்டும், சுவரை ஒட்டின இடத்துல தண்ணி ஐஸாகிடும். சில மருந்து உறைஞ்சாலும் பிழைச்சுக்கும். சிலது உறைஞ்சா அவ்வளவுதான், செத்துப் போச்சு. உருகின பிறகு பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா உடம்புக்குள்ள போய் ஒரு வேலையும் செய்யாது. புதுசா வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தரையும் அந்தக் கதவு முன்னாடி நிறுத்தி, மூணாவது விதியைச் சத்தமா வாசிக்க வைப்பேன். அப்படிப்பட்டவ நான்.

என் தங்கச்சி ஸ்கூல் வேன் ஓட்டிக்கிட்டிருந்தா. என்னைவிட ஏழு வயசு சின்னவ. எனக்குக் கோபம் மூக்கு மேல, அவளுக்குச் சிரிப்பு. ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டா மட்டும் வேற ஆளு. எதிர்ல வர்ற லாரிக்காரன் தானா ஒதுங்குவான். அவளுக்கு ஒரே பொண்ணு. அதுக்கு வீட்டுல பேரு டமாரம். ஒரு ரகசியம் வயித்துல தங்காது, தெருமுனை வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துடும். எனக்குப் பிள்ளை இல்லை. அந்த டமாரம்தான் எனக்கும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, டமாரத்துக்குப் பதினோரு வயசு இருக்கும்போது, ஸ்கூல்ல ஒரு ஃபார்ம் குடுத்தாங்க. தங்கச்சி வண்டியை எங்க ஆபீஸ் வாசல்ல நிறுத்திட்டு ஸ்டோருக்குள்ள வந்தா.

"அக்கா, கர்ப்பப்பை வாய் கேன்சர் வராம இருக்க ஊசியாமே. பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ஒன்பதுல இருந்து பதினாலு வயசுக்குள்ள போடணுமாம். போடலாமா?"

"தாராளமா போடு. அந்த கேன்சர் ஒரு வைரஸால வர்றது. பெரியவளாகி, கல்யாணம் காட்சின்னு ஆன பிறகு ஒட்டுறது. ஒட்டுறதுக்கு முன்னாடியே போட்டாத்தான் ஊசிக்கு முழு பலன். ஒரு ஊசி போதும்னு இப்போ சொல்றாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள்ல இருந்து அவளே ஆரம்பிச்சுட்டா. அவ வண்டியில வர்ற பொண்ணுங்கள்ல டமாரத்தைத் தவிர பதினேழு பேருக்கு அந்த வயசு. பாதி வீட்டுல கையெழுத்துப் போட யோசிச்சாங்க. ஒரு அப்பா, "சின்னப் பொண்ணுக்கு இப்போ எதுக்கும்மா இதெல்லாம்? கட்டிக் குடுக்கிறப்போ பார்த்துக்கலாம்"னு இழுத்தாராம். இவ ஜன்னல் வழியா தலையை நீட்டி, "வண்டி மோதின பிறகா சார் பெல்ட் போடுவீங்க? கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா நாளைக்கு உங்க வாசல்ல வண்டி நிக்காது"ன்னாளாம். இதை டமாரம் அவ அம்மா குரல்லயே எங்கிட்ட நடிச்சுக் காட்டுச்சு. பதினேழு ஃபார்மும் வந்து சேர்ந்துச்சு.

பதினெட்டாவது ஃபார்மை நிறுத்தினது நான்.

ஸ்கூல்ல ஊசி போடுற முகாமுக்கு மருந்து எடுத்து வைக்கிறப்போ தேதியைப் பார்த்தேன். காலாவதியாக இன்னும் ஏழு வாரம் இருந்துச்சு. ஏழு வாரம் இருக்குன்னா அது நல்ல மருந்து. கடைசி நாள் வரைக்கும் முதல் நாள் மாதிரியே வேலை செய்யும். பழசு முதல்ல போகணும், புதுசு பின்னாடி போகணும், அதுதான் ஸ்டோர் வேலை. மத்தவங்களுக்கு இதைப் பாடம் எடுத்தவளே நான்தான். ஆனா நம்ம வீட்டுப் பிள்ளைன்னதும் புத்தி எங்க போச்சோ! காய்கறிக் கூடையில அடியில கையை விட்டுத் தேடுவோமே, அந்தப் புத்தி வந்துடுச்சு.

"டமாரத்துக்கு இது வேண்டாம்டீ"ன்னேன். "அடுத்த மாசம் புது ஸ்டாக் வருது. வந்த அன்னிக்கே அதுல இருந்து எடுத்துத் தர்றேன்."

"ஸ்டோர்ல அக்கா இருந்தா இதான் வசதி"ன்னு சிரிச்சா. ஃபார்மை நாலா மடிச்சு வண்டி டேஷ்போர்டுக்குள்ள போட்டா.

பழைய மருந்து அந்த முகாமோட தீர்ந்துடுச்சு. அடுத்த மாசம் புதுசு வரலை. அதுக்கடுத்த மாசமும் வரலை. கேட்டா 'வரும்'னாங்க, அப்புறம் 'தயாரிப்புல தாமதம்'னாங்க, அப்புறம் பதில் சொல்றதையே நிறுத்திட்டாங்க. இருபது மாசம் அந்தத் தட்டு காலியா கிடந்துச்சு. நான் தினம் ரெண்டு வேளை காலித் தட்டையும் சேர்த்துப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அந்த இருபது மாசத்துலதான் தங்கச்சிக்கு வந்துச்சு. வந்துச்சுன்னா சொல்றது? உள்ள எப்பவோ வந்து உட்கார்ந்திருக்கு, அப்பதான் வெளிய தெரிஞ்சது. மாசக் கணக்கு தப்பி நடுநடுவுல ரத்தம் பட்டுக்கிட்டிருந்துச்சாம். இடுப்பு வலின்னா. நாள் முழுக்க இன்ஜின் சூட்டுல உட்கார்றே, தண்ணி குடின்னு சொன்னேன். சொன்னவ யாரு? சுகாதார ஆபீஸ்ல இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். என் ஸ்டோருக்கு அடுத்த கதவுல பொம்பளைங்களுக்கு அந்த கேன்சர் வருமான்னு முன்கூட்டியே பார்க்கிற டெஸ்ட் எடுக்கிறாங்க. அஞ்சு நிமிஷ வேலை. முப்பது வயசு தாண்டினவங்க அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் எடுத்தாப் போதும். அந்தக் கதவுக்குள்ள அவளும் போனதில்லை, நானும் போனதில்லை. அவளுக்கு வண்டி, எனக்கு ஃப்ரிட்ஜ், ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கூச்சம்.

எங்க ஆபீஸ் நர்ஸ் தங்கச்சி ரிப்போர்ட்டை முழுக்கப் படிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "இது ஒரே ராத்திரியில வர்றது இல்லை மேடம். கேன்சரா மாற பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் ஆகும். அதுக்கு நடுவுல ஒரு தரம் பார்த்திருந்தா, அந்த இடத்தை மட்டும் லேசா சுட்டு எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்." என்னைத் திட்டணும்னு சொல்லலை, பாவம். எனக்கு மட்டும் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

கதிர்வீச்சு குடுத்தாங்க, மருந்து ஏத்தினாங்க. வண்டியை அவ வீட்டுக்காரர் ஓட்ட ஆரம்பிச்சார். தங்கச்சி எலும்பும் தோலுமானா. சிரிப்பு மட்டும் கொஞ்சம் பாக்கி இருந்துச்சு. இனி செய்ய ஒண்ணுமில்லை, வலி தெரியாம பார்த்துக்கலாம்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு அவ எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"அக்கா, டமாரத்துக்கு அந்த ஊசி போடுறதை நான் கண்ணால பார்க்கணும். இது அவளுக்கு வராதுன்னு பார்த்துட்டா எனக்குப் போதும்."

பத்து நாள்ல ஸ்டாக் வந்துச்சு. வேன்ல இருந்து பெட்டியை இறக்கினப்போ நான் அழுதேன். இறக்கினவர் பயந்துட்டார். முந்நூற்று நாற்பது பாட்டில். ஒரு பாட்டில் ஒரு பிள்ளைக்கு. ஆனா தங்கச்சி அப்போ ரத்தப்போக்கு அதிகமாகி ஆஸ்பத்திரியில படுத்திருந்தா. அந்த வார்டுக்குள்ள சின்னப் பிள்ளைங்களை விட மாட்டாங்க. வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புறோம்னாங்க. வீட்டுக்கே வந்து போடுறேன்னு நர்ஸ் ஒத்துக்கிட்டாங்க, டாக்டரும் சரின்னார். இடையில இருந்தது ஒன்பது நாள். அந்த ஒன்பது நாள்ல ஸ்கூல் ஸ்கூலா முகாம். மருந்து முழுக்கப் போயிடும்.

அதனால ஒரு பாட்டிலை டமாரம் பேருக்கு எழுதி, அட்டைப்பெட்டியோட தனியா எடுத்து வச்சேன். யாரும் தெரியாம முகாமுக்கு எடுத்துட்டுப் போயிடக்கூடாதேன்னு கீழ்த்தட்டுல, மத்த மருந்துக்கெல்லாம் பின்னாடி, கை எட்டுற கடைசி வரைக்கும் தள்ளி வச்சேன். தள்ளினப்போ விரல் நுனி சில்லுன்னு சுவர்ல பட்டுச்சு. அந்தச் சில்லிப்பு எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு. அப்போ நான் நினைச்சது என்ன தெரியுமா? 'அப்பாடா, பத்திரமா இருக்கு'ன்னு நினைச்சேன்.

வியாழக்கிழமை மத்தியானம் நர்ஸ் குளிர்ப்பெட்டியோட வந்து நின்னாங்க. நான் கையை உள்ள விட்டு அட்டைப்பெட்டியை இழுத்தேன். வரலை. சுவரோட ஒட்டிக்கிட்டிருந்துச்சு. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், அட்டை கிழிஞ்சு வந்துச்சு. உள்ள பாட்டில் கட்டியா, வெள்ளையா இருந்துச்சு. குலுக்கினேன். சத்தமே இல்லை.

கதவுல மூணாவது விதி என் மூஞ்சிக்கு நேரா இருக்கு.

பக்கத்து ஸ்டோருக்கெல்லாம் போன் போட்டேன். எல்லா இடத்துலயும் முகாமுக்குப் போயிடுச்சு, அடுத்த லோடு ரெண்டு வாரம் கழிச்சுன்னாங்க. ஒருத்தர்கிட்ட கெஞ்சினேன், இன்னொருத்தர்கிட்ட கத்தினேன். கத்தினா மட்டும் மருந்து வந்துடுமா? பேசி முடிக்கிறதுக்குள்ள என் கைச்சூட்டுல பாட்டில்ல இருந்த ஐஸ் உருகிடுச்சு. மறுபடி குலுக்கினேன். நல்ல மருந்து மாதிரியே லேசா வெள்ளையா கலங்கி நின்னுச்சு.

ஆபீஸ் வேன்ல தங்கச்சி வீட்டுக்குப் போறப்போ நர்ஸ்கிட்ட மெதுவா கேட்டேன். "இதைப் போட்டா பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?"

"பெருசா ஒண்ணும் ஆகாது. பலனும் இருக்காது."

"அப்போ போட்டுடு தாயி. அவ பார்த்துட்டு நிம்மதியா கண்ணை மூடட்டும். புது ஸ்டாக் வந்ததும் பிள்ளைக்கு மறுபடி நல்லதைப் போட்டுக்கலாம். உன் கால்ல வேணா விழறேன்."

என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவங்க அந்த நர்ஸ். என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "மாட்டேன் மேடம். போட்டா பிள்ளையோட தடுப்பூசி கார்டுல போட்டாச்சுன்னு எழுதணும். நாளைக்கு நீங்களும் நானும் இல்லாம போனா அந்தக் கார்டைத்தானே நம்புவாங்க? எழுதாம விட்டா உங்க தங்கச்சி கார்டைக் கேப்பாங்க. நான் வர்றேன். நீங்க சொல்ற வரைக்கும் பக்கத்துல நிக்கிறேன். அது மட்டும்தான் என்னால முடியும்."

வீட்டுல போய்ப் பார்த்தா, முன் ரூம்ல கட்டில், மூணு தலையணை அடுக்கி தங்கச்சியைச் சாய்ச்சு உட்கார வச்சிருக்காங்க. தலை சீவியிருந்தா. சீவ என்ன இருக்கு, நாலு முடி. அதையும் படிய வாரியிருந்தா. டமாரம் இடது கைச் சட்டையைத் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டு நாற்காலியில தயாரா உட்கார்ந்திருந்துச்சு. எத்தனை நேரமா அப்படி உட்கார்ந்திருந்துச்சோ, ஃபேன் காத்துல கை புல்லரிச்சிருந்துச்சு.

"வாடி எட்டு டிகிரி"ன்னா தங்கச்சி. அவளுக்கு மட்டும்தான் அப்படி நேரா கூப்பிட உரிமை. "நல்ல மருந்தா? நீ பார்த்து எடுத்ததுதானே?"

வேற எதை வேணா கேட்டிருக்கலாம். 'வலிக்குமா'ன்னு கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பேன். நான் பார்த்து எடுத்ததான்னு கேட்டா. அப்படியே கட்டில் பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். பின்னாடி தள்ளினது, சுவர்ல பட்டது, உறைஞ்சது, ரெண்டு வாரம் ஆகும்னது. எதையும் பூசி மெழுகலை.

அவ முதல்ல சிரிச்சா. நிஜமா சிரிச்சா. "சின்னப் பிள்ளையில எனக்குன்னு பிஸ்கட்டை அலமாரிக்குப் பின்னாடி ஒளிச்சு வைப்பியே அக்கா. எடுத்துப் பார்த்தா எறும்பா இருக்கும். நீ மாறவே இல்லை."

நானும் சிரிக்கப் பார்த்தேன். அதுக்குள்ள அவ முகம் மாறிடுச்சு.

"என் வண்டியில பதினேழு பிள்ளைங்க. நான் வாசல் வாசலா நின்னு கையெழுத்து வாங்கினேன். ஏழு வாரத்துல முடியப் போற மருந்தை அத்தனை பேரும் போட்டுக்கிட்டாங்க. அத்தனை பேருக்கும் காப்பு இருக்கு. என் பொண்ணுக்கு மட்டும் இல்லை. ஏன் தெரியுமா அக்கா? அவ பெரியம்மா ஸ்டோர்ல இருக்கா. அதனாலதான்."

அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டா. டமாரம் சுருட்டின சட்டையை மெதுவா கீழ இறக்கிவிட்டுச்சு. நர்ஸ் சொன்ன மாதிரியே கடைசி வரைக்கும் என் பக்கத்துல நின்னாங்க.

ரெண்டு நாள் எங்கிட்ட பேசலை. தண்ணி குடுத்தா குடிப்பா, கண்ணைப் பார்க்க மாட்டா. இதுவரைக்கும் அவ எங்கிட்ட கோவிச்சுக்கிட்டதே இல்லை. கோவிக்கிறது என் வேலையா இருந்துச்சு. நான் ஆபீஸ் போய் வீணானவை பதிவேட்டை எடுத்தேன். எண்ணிக்கை: ஒண்ணு. காரணம்: உறைந்தது. 'எப்படி'ங்கிற கட்டத்துல, பின்சுவரைத் தொட்டது, வைத்தவர் நான்னு எழுதினேன்.

மூணாவது நாள் மத்தியானம் அவளே என் கையைத் தேடிப் பிடிச்சா. குரல் காத்து மாதிரி வந்துச்சு. காதைக் கிட்ட வச்சுக் கேட்டேன்.

"டமாரத்தைத் தனியா கூப்பிட்டுப் போடாதே. எல்லாப் பிள்ளைங்களோடயும் வரிசையில நிறுத்து. எந்தப் பாட்டில் வருதோ அது. நீ எடுக்காதே."

"சரிடீ."

"அந்த அடுத்த கதவுக்குள்ள நீ போனியா?"

"இன்னும் இல்லை."

"போ. இதுக்கும் ஸ்டாக் வரணுமா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினா. "எனக்கு உன் மேல கோபம் போகலை அக்கா. போறதுக்கு நாள் இல்லை. ஆனா நீ இங்கயே இரு."

இருந்தேன். டமாரத்தையும் பக்கத்துல கூப்பிட்டு அவ காதுல என்னவோ சொன்னா. அது என்னன்னு எனக்குச் சொல்லலை. டமாரமும் அப்போ சொல்லலை. அந்தப் பிள்ளை வாயில தங்கின முதல் ரகசியம் அதுதான். மறுநாள் விடிஞ்சு, பால்காரர் மணி அடிச்சுட்டுப் போன பிறகு, அவ போயிட்டா. வாசல்ல ஸ்கூல் வேன் காலியா நின்னுக்கிட்டிருந்துச்சு.

பத்து நாள் கழிச்சு ஸ்டாக் வந்துச்சு. முகாம் எங்க ஆபீஸ்லயே. ஹால்ல பெஞ்சு போட்டு, பிள்ளைங்க வரிசையா உட்கார்ந்திருந்தாங்க. டமாரத்துக்கு முப்பத்தி ஒண்ணாவது இடம். குளிர்ப்பெட்டி நர்ஸ் பக்கத்துல. நான் ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டுச் சுவரோரமா நின்னேன். 'அது வேண்டாம், அடியில இருக்கிறதை எடு'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கடிச்சு முழுங்கினேன். கையில வந்த பாட்டிலை நர்ஸ் எடுத்தாங்க.

"கண்ணை மூடிக்கோ கண்ணு, அந்தப் பக்கம் திரும்பிக்கோ. எல்லாரும் அப்படித்தான்"ன்னாங்க.

"மாட்டேன்"ன்னுச்சு டமாரம். "அம்மா அன்னிக்கு என் காதுல, உன் கண்ணு வழியா நான் பார்க்கிறேன்னு சொன்னாங்க. நல்லா முழிச்சுப் பார்க்கணுமாம்."

ஊசி உள்ள போற வரைக்கும், மருந்து முழுக்க இறங்குற வரைக்கும், வெளிய வர்ற வரைக்கும் இமைக்காம பார்த்துச்சு. கண்ணுல தண்ணி நிறைஞ்சு வழிஞ்சுச்சு, அப்பவும் மூடலை. நர்ஸ் பஞ்சை வச்சு அழுத்திட்டு கார்டுல தேதி எழுதினாங்க. நான் ஹால்னு கூட பார்க்காம வாய்விட்டு அழுதேன். எட்டு டிகிரி அழுததை அன்னிக்கு ஆபீஸே பார்த்துச்சு.

அரை மணி நேரம் உட்கார வச்சு அனுப்பினாங்க. டமாரம் சட்டையை இறக்காமலே எங்கிட்ட வந்து என் கையைப் பிடிச்சு இழுத்துச்சு. ஹாலைத் தாண்டி, என் ஸ்டோரைத் தாண்டி, அடுத்த கதவு முன்னாடி கொண்டு போய் நிறுத்துச்சு.

"இப்போ இல்லைடா, முகாம் முடியட்டும். சாயங்காலம் தெர்மாமீட்டர் வேற பார்க்கணும். அடுத்த வாரம் வர்றேன்"ன்னேன்.

டமாரம் இடுப்புல கையை வச்சுது. தலையை லேசா முன்னாடி நீட்டுச்சு. வேன் ஜன்னல்ல நீட்டுற மாதிரியே.

"உள்ள போங்க பெரியம்மா. இல்லேன்னா நாளைக்கு உங்க வாசல்ல வண்டி நிக்காது."

அதே குரல். அச்சு அசல் அவ குரல். சொல்லிட்டு அது வெளிய பெஞ்சுல உட்கார்ந்துக்கிச்சு, பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு. நான் செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு உள்ள போனேன்.